தாத்தாவின் அப்பா ரங்கூன் போன கதை

என் தாத்தா தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டது அவருடைய அம்மா பெயரின் முதலெழுத்து. அப்பா பெயரைக் கேட்ட வாத்தியாரிடம், "எனக்கு அப்பா கிடையாது" என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டாராம். அந்த அப்பா சின்ன காஞ்சிபுரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். ஒருநாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. மனைவியையும் மூன்று வயது மகனையும் விட்டுவிட்டு ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆடி அமாவாசையன்று தெருவே குளக்கரைக்குப் போகும். தாத்தா மட்டும் வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார்.

இந்தக் கதையை நம்பாதவர் என் அத்தை ஒருவர்தான். அப்பாவின் அக்கா. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விலாசம் தெரியவில்லை என்று ஒரு கடிதம் திரும்பிப் போனால் அதைத் தம் சொந்தத் தோல்வியாக நினைக்கிறவர்.

"அவ்ளோ தூரம் போனவரு ஒரு கடுதாசி கூடவா போட்டிருக்க மாட்டாரு?" என்று ஒருநாள் ஆரம்பித்தார். அதன் பிறகு ஓயவில்லை.

எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறை. அத்தைக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால், படித்துச் சொல்ல என்னை அழைத்துப் போனார். பழைய தாள்களில் 'லை'யும் 'னை'யும் யானைபோலத் தும்பிக்கை தூக்கி நிற்கும். அந்த எழுத்துகளை ஒரே சாயங்காலத்தில் சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டார்.

முதலில் நகராட்சி அலுவலகம். "எந்த வருஷம்னே தெரியாம எப்படிம்மா தேடறது?" என்றார் அங்கிருந்தவர். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் தேடறேன். நீங்க எடுத்து மட்டும் குடுங்க." மூன்று நாள் தேடினோம். தொட்டால் உதிரும் இறப்புப் பதிவேடுகளில் அவர் பெயர் இல்லை. தாத்தாவுக்கு இது தெரிந்து, "செத்தாத்தானே இருக்கும்! அந்த ஆளைத் தேடறதை வுட்டுட்டு வேற வேலை இருந்தா பாரு" என்று சத்தம் போட்டார்.

அத்தை மறுநாளே பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வில்லங்கம் பார்க்கக் கிளம்பினார். "ஓடிப் போறவன் கடையை வித்துட்டுத்தானே ஓடுவான்?" என்பது அவர் கணக்கு. பல நடை நடந்து வாங்கிய சான்றில், கடையை விற்றவர் பெயர் இருந்த இடத்தைக் காட்டி, "படி" என்றார். படித்தேன். விற்றது அவரல்ல. அவர் மனைவி.

"கடையை வாடகைக்கு வுட்டிருந்தாங்கன்னுதானே ஊர்ல சொன்னாங்க?" என்று அத்தை தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார்.

அந்தக் கடை இன்னும் நாட்டு மருந்துக் கடையாகவே இருந்தது. வாங்கியது திருமுக்கூடல் பக்கத்து ஜைனக் குடும்பம். கல்லாவில் இருந்த பெரியவர் அத்தை சொன்னதைக் கேட்டு எழுந்தார். பிறகு உள்ளே போய் மஞ்சள் துணியில் சுற்றிய மூலப் பத்திரத்தைக் கொண்டுவந்தார்.

நான்தான் படித்தேன். "என் புருஷர் மூலிகை வாங்கப்போன இடத்தில் திருமுக்கூடல் ஆற்று வெள்ளத்தில் காலஞ்சென்றுவிட்டபடியாலும், மைனர் மகனின் படிப்புக்காகவும்..." அடியில் ஒரு கைநாட்டு.

அத்தை பத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி அந்த வரியைத் தடவிப் பார்த்தார். அத்தையின் தாத்தா ஓடிப்போகவில்லை. ஆனால், அவர் பாட்டிக்கு அது தெரிந்திருக்கிறது.

"உடம்பைக் கரையேத்தினதே எங்க தாத்தாதாம்மா" என்றார் கடைக்காரர். "சேதி சொல்ல வந்தவருகிட்ட அந்தம்மா அழக்கூட இல்லையாம். இது உங்களோட இருக்கட்டும், கடையை நீங்களே எடுத்துக்கினு ஊர்ல வாடகைன்னு சொல்லுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்களாம். சாட்சிக் கையெழுத்துக்கூட எங்க ஊர் ஆளுங்கதான். எங்க வீட்ல இது வரைக்கும் யாரும் வாயைத் தொறக்கல."

பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்குள் நுழையுமுன் அத்தை என் கையைப் பிடித்தார். "தாத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ பேசாத இரு."

"அப்பா, அவரு ஓடலப்பா. ஆத்து வெள்ளத்துல போயிட்டாரு" என்றார் தாத்தாவிடம்.

தாத்தா ரேடியோவை நிறுத்தினார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. சேதியே வரலியாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல தாத்தா, பத்திரத்துல..." என்று ஆரம்பித்ததும் அத்தை என் தொடையில் கிள்ளிவிட்டார். உண்மைக்காக இத்தனை வாரம் வெயிலில் அலைய வைத்தவர் கடைசியில் பொய் சொல்கிறாரே என்று அன்று நான் சோறு தின்னவில்லை.

மறுநாள் அத்தை காய்கறிக் கடைக்குப் போயிருந்தபோது தாத்தா என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பையில இருக்குதே காயிதம், அதை எடுத்துக்கினு வா. படி."

வஞ்சம் தீர்க்கக் கிடைத்த வாய்ப்பு. முதல் வரியிலிருந்து கைநாட்டு வரை படித்தேன். தாத்தா கண்ணை மூடிக் கேட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவரோ சிரித்தார்.

"இருபத்திரண்டு வயசு எங்கம்மாவுக்கு அப்போ. ஊர்ல இருக்கற முகூர்த்தப் பட்டுக்கெல்லாம் அவதான் நூல் சுத்திக் குடுத்துக்கினு இருந்தா. தாலி அறுத்தவ கையால கல்யாணப் பொடவைக்கு நூலைத் தொட வுடுவாங்களா? மூலையில இல்ல உக்கார வெச்சிருப்பாங்க! நான் எங்கேர்ந்து படிச்சிருப்பேன்?" கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். "கெட்டிக்காரி. என்கிட்டகூட மூச்சு வுடலியே."

பெற்ற பிள்ளையிடமே சாகும்வரை பொய் சொன்னவர் எப்படிக் கெட்டிக்காரி ஆவார் என்று எனக்குப் புரியவில்லை.

"இன்னொரு வாட்டி படிம்மா" என்றார்.

படித்தேன். முடித்ததும் மறுபடியும், "இன்னொரு வாட்டி" என்றார்.

பாவம், தாத்தாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, மூன்றாம் முறை தெருவுக்கே கேட்கும்படி கத்திப் படித்தேன்.