சித்தியின் காலில் ஒன்பது அட்டைகள்

துரையின் மோட்டார் காரில் பின்சீட்டு நடுவே ஒரு பலகார டின் இருந்தது. நான்தான் வைத்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த புதுச் சித்தி என் பக்கம் நகர்ந்துவிடக் கூடாதே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் நடந்தது, அப்போது எனக்கு எட்டு வயது, உடம்பெல்லாம் திமிர்.

அம்மா செத்துப்போனபின் ஒரு வருஷம் ஈப்போவில் அத்தை வீட்டில் கிடந்தேன். அத்தை சோறும் போடுவாள், கூடவே சுடுசொல்லும் போடுவாள். அப்பா சிலிம் ரிவர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். பழுதுபார்த்த காரை எடுக்க ஈப்போ வந்தவர், ஊரில் கட்டிக்கொண்டு வந்த சித்தியோடு என்னையும் ஏற்றிக்கொண்டார். ஏறும்போதே சொல்லிவிட்டார்: "சித்திகிட்ட ஒரு வம்பு பண்ணினாலும் வண்டியத் திருப்பி அத்தை வீட்டுலயே விட்டுருவேன், ஆமா." அப்பா சொன்னால் சொன்னதுதான்.

சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் போயின; பீடோர் தாண்டியதும் இருபுறமும் காடு. மூங்கில் வளைந்து ரோட்டைத் தொட்டது. தலைக்கு மேல் இருவாட்சி ஒன்று இறக்கை இரைய இரையப் பறந்தது. சித்தி இராமநாதபுரத்துப் பொட்டல்காட்டுக்காரி. "ஆத்தாடி, இம்புட்டுப் பச்சையா!" என்று வாய் மூடாமல் பார்த்தாள். எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் அவள் ரசித்ததை நான் ரசிப்பதா? குனிந்தே இருந்தேன். எத்தனை மலையை அப்படி வீணாக்கினேனோ!

ஓரிடத்தில் வண்டி கொதித்து நின்றது. அப்பா தண்ணீர் மொள்ள ஓடைக்குப் போனார். சித்தி கூச்சத்தோடு என்னிடம், "கொஞ்சம் ஒதுங்கணும் கண்ணு. இந்தப் பக்கம் போலாமா?" என்று கேட்டாள். முதல்நாள் பெய்த மழையில் புல் சொட்டச் சொட்ட நின்றது. அதில் அட்டை இருக்கும் என்று தோட்டத்துக் குழந்தை எதற்கும் தெரியும். தெரிந்தும், போகலாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

திரும்பி வந்தவள் காலெல்லாம் ரத்தம். கறுப்பாக ஊதித் தொங்கிய அட்டைகளைப் பார்த்து அலறினாள். அப்பா ஓடி வந்தார். அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அட்டை இருக்குன்னு நீ சொல்லலியா?"

ஈப்போ அத்தை வீட்டு வாசலே என் கண்ணில் தெரிந்தது.

"சொல்லுச்சுங்க," என்றாள் சித்தி, பல்லைக் கடித்துக்கொண்டே. "நாந்தான் கேக்காம எறங்கிட்டேன்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டு ரேடியேட்டரைக் கவனிக்கப் போனார். நான் அவர் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஒவ்வோர் அட்டையாகத் தொட்டு வைத்தேன். ஒன்பது. ஒவ்வொன்றும் சுருண்டு விழ விழ எனக்கு அழுகை முட்டியது. சித்தி குனிந்து என் காதருகே, "நான் இந்தச் சீமைக்குப் புதுசுல்ல? அடுத்த தடவை சொல்லிடு, என்ன?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

அதன்பின் அவளிடம் சொல்லாமல் நான் எதுவும் செய்ததில்லை. வயதுக்கு வந்ததை முதலில் அவளிடம்தான் சொன்னேன். கட்டிக்கொள்ள நினைத்தவரைப் பற்றியும் அவளிடம்தான். பெறாத பிள்ளைக்காகப் பொய் சொன்ன அந்த வாய்க்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அட்டை விஷயத்தை மட்டும் அப்பாவிடம் கடைசிவரை இரண்டு பேருமே சொல்லவில்லை.