பேட்டரித் தண்ணீரில் ஊறிய லென்ஸ்

வங்கக் கடலோரத்து வழவழப்பையெல்லாம் வழித்துச் சேர்த்தாலும் நூர்முகமதுவின் அந்தச் சின்ன டப்பாவுக்கு ஈடாகாது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டுக்கு ஈடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.

நூர்முகமது புதுப்பட்டினத்துக்காரர். செங்கல்பட்டுக்கும் தன் ஊருக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டினார். தூரத்துப் பார்வை மங்கத் தொடங்கியது. கண்ணாடி போட்டவன் கையில் வண்டியைத் தரமாட்டேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் எழுபத்தாறில், சிங்கப்பூர் மச்சானின் தயவில், சென்னைக்குப் போய்க் கண்ணுக்குள் ஒட்டிக்கொள்ளும் கான்டாக்ட் லென்ஸ் வாங்கிவந்தார். கழற்றி ஊறப்போட இரண்டு குழி வைத்த டப்பாவும், ஒரு பாட்டில் மருந்துத் தண்ணீரும் கூடவே வந்தன. பழசைத் தினமும் கொட்டி, டப்பாவைக் கழுவிக் காயவைத்துப் புதுசு ஊற்ற வேண்டும் என்று கடையில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

பாட்டில் தீர்ந்ததும் டிரைவர் புத்தி வேலை செய்தது. பஸ் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பளிங்கு மாதிரி இருக்கிறதே! பேட்டரியில் யாராவது பழசைக் கொட்டுவார்களா? குறைந்ததை நிரப்புவதுதானே வழக்கம். டப்பாவிலும் ஐந்து மாதம் அப்படியே நிரப்பிவந்தார். காலையில் லென்ஸை எடுப்பார். வெற்றிலை மென்ற வாயில் போட்டு, நாக்கால் ஒரு புரட்டுப் புரட்டி, கண்ணில் ஒட்டிக்கொள்வார். பார்த்த மனைவி உம்மு சல்மா நாஸ்தா தட்டைத் தள்ளிவைப்பாள்.

"த்தூ! எச்சில எடுத்துக் கண்ணுல பூசிக்கினு... கொமட்டுதுங்க!"

"என் எச்சி, என் கண்ணு. உனக்கு இன்னா பேஜாரு?"

வலது கண் சிவந்தது. மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கி இரண்டு நாள் போட்டார். சிவப்பு வடிந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி லென்ஸை மாட்டினார். இப்படி நாலு தடவை. ஐந்தாம் தடவை களிம்பு எடுபடவில்லை. சீழ் கட்டி இமை ஒட்டிக்கொண்டது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. கண் போனால் ஸ்டியரிங்கும் போச்சு என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

உம்மு சல்மா டப்பாவைத் திறந்து விரலை விட்டாள். விரல் வழுக்கியது. நகத்தால் சுரண்டினாள், சளி மாதிரி நூல் இழுத்தபடி கூடவே வந்தது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் அந்தக் கையால் அன்று சோறு பிசைய அவளுக்கு மனசு வரவில்லை.

டப்பாவைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பினாள். வந்து நின்றது அவர் ஓட்டும் அதே பஸ். ஸ்டியரிங்கில் மாற்று டிரைவர் தாவீது.

"இன்னா அண்ணாத்த, நம்ம வண்டியிலயே டிக்கெட்டா?" என்றான் தாவீது. நூர்முகமது கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெகதாம்பாள் கண்ணை விட்டுவிட்டு டப்பாவைத்தான் முதலில் முறைத்தார்.

"இந்தக் கொழகொழப்பு கிருமிங்க கட்டின வீடு. இங்கேருந்து தினமும் லென்ஸில ஏறிக் கண்ணுக்குள்ள போகுது. நீங்க ரெண்டு நாள் களிம்பு போட்டு நிறுத்த நிறுத்த, தப்பிச்ச கிருமி அந்த மருந்துக்கே பழகிடுச்சு. இப்ப மருந்தை அதும்மேல கொட்டினாலும் சாகாது. இதுல என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"பேட்டரித் தண்ணிங்க."

"கொட்டுவீங்களா?"

"நெரப்புவேங்க."

டாக்டர் டப்பாவைச் சாமணத்தால் எடுத்துக் குப்பையில் போட்டார். லென்ஸும் அதோடு போயிற்று. வேறு மருந்து எழுதினார். மணிக்கு ஒரு சொட்டு, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார். உம்மு சல்மா பதினைந்து நாள் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊற்றினாள். வெள்ளைப் புள்ளி கரைந்தது, பார்வை முழுசாகத் திரும்பியது, நூர்முகமது மறுபடி ஸ்டியரிங்கில் ஏறினார்.

நான் இதைச் சொல்லும்போது பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த உம்மு சல்மா தலையைத் தூக்கினாள்.

"முழுசா எங்க வந்துச்சு? அந்த வெள்ளை இன்னும் அங்கியே கீது. வண்டியும் தாவீதுகிட்டயே போச்சு. இவரு கண்ணாடி மாட்டிக்கினு அதுலயே டிக்கெட் கிழிக்கிறாரு. வலது கண்ணால பாத்தா என் மூஞ்சி தெரியுதாம். நான் சிரிக்கிறனா மொறைக்கிறனான்னுதான் தெரியலியாம்."