சிஸ்டர் கிளவுஸ் போடவில்லை

போன மாதக் கடைசி நாள் மதியம், எங்கள் செல்வபாய் சிஸ்டரை மேடையில் உட்கார வைத்து ஆளாளுக்குப் பொய் சொன்னோம்.

பணி நிறைவு விழா. இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் குலசேகரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே பிரசவ வார்டுக்குப் பொறுப்பு செல்வபாய் சிஸ்டர். இன்று அந்த வார்டில் இருக்கிற எல்லோருக்கும் வேலை சொல்லிக் கொடுத்தவர். அவரிடம் திட்டு வாங்கி அழாதவர் எங்களில் யாரும் இல்லை. அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்தால் மேஜையில் பால் விடாத கட்டன் சாயா இருக்கும். சமாதானமெல்லாம் பேச மாட்டார்.

"குடிச்சிட்டுப் போயி பேஷண்டைப் பாரு."

பணி நிறைவு விழாவில் என்ன பேசுவார்கள்? நான் கவனித்தவரை, இரங்கல் கூட்டத்தில் பேசுவதைத்தான். ஒரே வித்தியாசம் — சம்பந்தப்பட்டவர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

என்னோடு வேலை பார்க்கும் சுமதி மைக்கைப் பிடித்து, "சிஸ்டர் ஒருநாள்கூட ஒருத்தரையும் கோபமாகப் பேசியதில்லை" என்றாள். கைதட்டல். பார்மசி சார் "அன்பே உருவானவர்" என்றார். இன்னும் பலத்த கைதட்டல். சிஸ்டர், பேஷண்டின் பிரஷர் பார்க்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்? பத்தி எழுதுகிறவள் அல்லவா... கொஞ்சம் அலங்காரமாகவே தயார் செய்து வைத்திருந்தேன். "சிஸ்டர் இல்லாம நாளைக்கு..." என்று ஆரம்பித்ததோடு தாளை மடித்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

பிரிவுத் துயரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பயம். மறுநாள் முதல் வார்டுப் பொறுப்பு எனக்கு. எனக்கும் தலை நரைத்துவிட்டது, சர்வீஸும் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் ஒரு பிரசவம் சிக்கலானால் நான் செய்கிற முதல் வேலை, கதவைத் திறந்து "சிஸ்டர், ஒண்ணு வாங்களேன்" என்று கத்துவதுதான். இனி யாரைப் பார்த்துக் கத்துவது?

ஏற்புரைக்கு சிஸ்டர் எழுந்தார்.

"நான் கோவப்பட்டதே இல்லையின்னு சுமதி சொன்னா. பின்ன போன வாரம் அவ எதுக்குக் கண்ணைக் கசக்கிட்டு நிண்ணாளோ, எனக்குத் தெரியல்லை."

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் வார்டு உதவியாளர் ஜெஸ்ஸி ஓடி வந்தாள். "சிஸ்டர்! கீரிப்பாறையிலயிருந்து ஜீப்புல ஒரு பொண்ணைக் கொண்டு வந்திருக்கு. பிள்ளைக்கத் தலை தெரியுது. டாக்டர் தியேட்டர்ல ஆபரேஷன்ல நிக்காரு!"

"மிச்சம் ஒண்ணும் இல்லை" என்று சிஸ்டர் மைக்கை வைத்தார். ஏற்புரை அவ்வளவுதான்.

ஓடினோம். எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிற பெண். முதல் பிரசவம். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் கை கழுவி, கிளவுஸ் போட்டுக்கொண்டு திரும்பினேன். சிஸ்டர் மாலையையும் சால்வைகளையும் வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டியபடி சுவரோரம் நின்றிருந்தார்.

"சிஸ்டர், கிளவுஸ்..."

"நீ இருக்கேயில்லா."

தலை வந்தது. அதற்குமேல் வரவில்லை. குழந்தையின் தோள் உள்ளே சிக்கிவிட்டது.

பிரசவ வார்டில் இதைவிடப் பயங்கரமான ஒன்று எனக்குத் தெரியாது. தலை வெளியே, உடம்பு உள்ளே. முகம் நீலம் பாரித்துக்கொண்டே போகும். பிடித்து இழுக்க முடியாது — இழுத்தால் பிள்ளையின் கை காலத்துக்கும் விளங்காமல் போகலாம். பொறுத்திருக்கவும் முடியாது.

"சிஸ்டர், ஒண்ணு வாங்களேன்!" அறைக்குள்ளேயே நிற்கிறவரைப் பார்த்து நான் கத்தினேன்.

"என்னை எதுக்குட்டி பாக்கே? அங்க பாரு."

பார்த்தேன். வேறு என்ன செய்வது?

"சுமதி, காலை மடக்கி வயித்தோட சேர்த்துப் பிடி! ஜெஸ்ஸி, நீ அந்தக் காலை! மக்கா, இப்ப முக்காத, மூச்சு விடு..."

அது என் குரல்தானா? அதட்டல் எனக்கே புதிதாக இருந்தது. தோள் அசையவில்லை. கையை உள்ளே விட்டு, தாயின் முதுகுப் பக்கமாக இருந்த குழந்தையின் கையைத் தேடினேன். முழங்கை அகப்பட்டது. மார்போடு ஒட்டினாற்போல் பைய வளைத்து, அந்தச் சின்னக் கையை முதலில் வெளியே கொண்டுவந்தேன். பிறகு தோள். பிறகு முழுப் பிள்ளையும், துவண்டுபோய்.

அழவில்லை. துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம், முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காற்று கொடுத்தோம். ஒரு முனகல்... அப்புறம் வார்டே அதிர ஓர் அலறல்! பெண் பிள்ளை. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி அழுதாள். அந்தக் கைகளை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

வெளியே அந்தப் பெண்ணின் மாமியார் நேராக செல்வபாய் சிஸ்டரிடம் போய்க் கும்பிட்டார். "அம்மா, நீங்கதான் எங்க பிள்ளையக் காப்பாத்தினிய."

"நான் சும்மா நிண்ணேன். பாத்தது அவ."

வாஷ்பேசினில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, எதையுமே தொடாத சிஸ்டரும் பக்கத்தில் வந்து கை கழுவினார். அப்போதுதான் பார்த்தேன். அவருடைய இடது மணிக்கட்டில் நகம் பதிந்து தோல் கிழிந்திருந்தது. அவருடைய நகம்தான்.

"என்ன சிஸ்டர் இது?"

"பின்ன? கையை விட்டிருந்தேன்னா உன்னைத் தள்ளிட்டு வந்திருப்பேன்."

"நான் தப்பாச் செய்திருந்தா?"

"அப்பவும் தள்ளிட்டு வந்திருப்பேன். நீ தப்பாச் செய்யல்லை." கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா சுமதிய அதட்டினது காணாது. நாளையிலயிருந்து இன்னும் கொஞ்சம் சத்தம் வேணும்."

அவர் எங்களுக்கு எப்படி வேலை சொல்லிக் கொடுத்தார் என்று மேடையில் ஆளுக்கொரு கதை சொல்லியிருந்தோம். சொல்லிக் கொடுத்த பிறகு, செய்யத் தெரிந்த கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டியிருக்கிறதே... அந்த வேலை எவ்வளவு கடினம் என்று ஒருவரும் பேசவில்லை. எங்களுக்குத் தெரிந்தால்தானே பேசுவதற்கு?

பஞ்சில் மருந்தைத் தொட்டு அவர் மணிக்கட்டில் வைத்தேன். எரிந்திருக்க வேண்டும். "ஏட்டி, பைய வையி!" என்றார்.

எனக்குத் தெரிந்து, சிஸ்டர் தனக்காக என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. அதையும் அதட்டித்தான் கேட்டார்.