குறைகள் பூஜ்யம்

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் நான். பெயர் ஜீவராஜ், வயது முப்பத்து மூன்று. கொழும்பில் ஆறு வருடம் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்து வேலை பார்த்தேன். பிறகு டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்து, வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து வெப்சைட் செய்து பிழைக்கிறேன். தோட்டத்தில் என்னை 'இஞ்சினியர்' என்பார்கள். நான் மறுப்பதில்லை. மறுக்கிற அளவுக்கு நல்லவன் இல்லை.

போன சித்திரையில், ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் நாகரத்தினம் ஐயா என்னைக் கூப்பிட்டார். அவர் செயலாளராக இருக்கும் சங்கம் இலவசக் கண் முகாம் நடத்தப்போகிறது. நாற்பது பேருக்குப் புரை எடுப்பார்கள்.

"போன தடவ டவுன்ல ஒரே வீட்டுல அஞ்சு பேரு எழுதிட்டாங்க தம்பி. தோட்டத்து ஆளுங்களுக்கு எடமே கெடைக்கல. நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்" என்றார்.

"விடுங்க ஐயா, நான் பாத்துக்கிறேன்" என்று மார்தட்டினேன்.

ஒரு முகவரியில் ஒரே ஒருவர்தான் பதியலாம் என்று பூட்டுப் போட்டேன். அடேயப்பா, என்ன மூளை! பதிவுக்குப் பதினாறு கட்டங்கள் வைத்தேன். மின்னஞ்சல் கேட்டேன். கடவுச்சொல்லில் ஓர் இலக்கமும் ஒரு குறியும் வேண்டும் என்றேன். அது போதாதென்று, நெளிந்து வளைந்த எழுத்தைப் பார்த்துத் திருப்பி எழுதச் சொல்லும் சோதனையும் வைத்தேன். கண் தெரியாதவர்களுக்கான முகாம் அது என்பதை யாராவது எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாம். கீழே 'குறை தெரிவிக்க' என்று ஒரு சிவப்புப் பொத்தானும் இருந்தது.

திங்கட்கிழமை பதிவு தொடங்கியது. புதனுக்குள் நாற்பது இடமும் நிரம்பிவிட்டது. 'குறைகள்' என்ற இடத்தில் பூஜ்யம். அதைப் படம் எடுத்து நாகரத்தினம் ஐயாவுக்கு அனுப்பினேன். அவர் கும்பிடும் கை இரண்டு அனுப்பினார். அன்றைக்கு ஒரு வாய் சோறு கூடுதலாகவே இறங்கியது.

வியாழக்கிழமை சாயந்தரம் பறித்த கொழுந்தை எடை போட்ட கையோடு வீரம்மா சித்தி வந்தார். சொந்தச் சித்தி இல்லை. எங்கள் லயத்தில் நாலாவது வீடு. இரண்டு கண்ணிலும் புரை. கொழுந்து எது, முற்றின இலை எது என்று தெரியாமல் கிள்ளிப் போடுகிறார் என்று கங்காணி கெடு வைத்துவிட்டார். இந்த மாதத்துக்குள் கண் சரியாகாவிட்டால் கொழுந்து பறிக்க மலைக்கு வர வேண்டாமாம். மகள் நிலக்ஷி பள்ளிக்கூடத்தில் ஏ.எல். உயர்தர வகுப்பு படிக்கிறாள். அந்த வீட்டில் சித்தியின் சம்பளத்தைத் தவிர வேறு சம்பளம் இல்லை.

"நாலு நாளா நிலக்ஷி எழுதிப் பாக்குறா ஜீவா. ஒங்க முகவரி முன்னமே பதிஞ்சாச்சுன்னு வருதாம். நான் எங்கடா பதிஞ்சேன்?"

"பிழைன்னா சிவப்புப் பட்டன அமுக்கியிருக்கலாமே சித்தி."

"அமுக்கினா மொதல்ல பதியச் சொல்லுதாம். பதிய முடியலன்னு சொல்லத்தானேடா அத அமுக்குறது?"

பூஜ்யம் ஏன் பூஜ்யமாகவே இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கள் தோட்டப் பிரிவில் வீட்டு இலக்கம் கிடையாது. இருநூறு குடும்பத்துக்கும் ஒரே முகவரி. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். பிறந்ததிலிருந்து எனக்கும் அதே முகவரிதான். ஆறு வருடம் கதவில் இலக்கம் போட்ட வீட்டில் இருந்ததில் அதை மறந்துவிட்டேன். ஆக, ஒரு தோட்டப் பிரிவுக்கு ஓர் ஆள்; மிச்ச இடமெல்லாம் டவுனுக்கு. ஐயா எதைத் தடுக்கச் சொன்னாரோ, அதையே நான் சட்டமாக்கியிருந்தேன்.

சரி, எங்கள் பிரிவின் அந்த ஒரே இடத்தைப் பிடித்த புண்ணியவான் யார் என்று தேடிப் பார்த்தேன். வரிசை எண் ஒன்று. பெயர் ஜீவராஜ். நோய் என்ற இடத்தில் 'சும்மா'. வேலை செய்கிறதா என்று பார்க்க நானே பதிந்துவிட்டு அழிக்க மறந்த பெயர்.

"யாருடா அது?" என்றார் சித்தி.

"சிஸ்டத்துல ஒரு சின்ன..."

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான் சித்தி."

"ஒனக்குக் கண்ணுல என்ன?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

நாகரத்தினம் ஐயாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "டவுன் ஆளுங்களுக்கு நாள் குறிச்சுக் குடுத்தாச்சு தம்பி, அவங்களும் கண்ணு தெரியாதவங்கதான். ஒங்க எடத்த அந்தம்மாவுக்குக் குடுங்க. மத்தவங்கள ஆவணியில வர்ற அடுத்த முகாமுக்கு எழுதுங்க" என்றார்.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நோட்டும் கையுமாக நின்றேன். "பதிய முடியாம போனவங்க பேரு குடுங்க. தப்பு என்னோடது" என்றேன். "இஞ்சினியருக்கு இப்பதான் விடிஞ்சிருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பதினொரு பெயர் சேர்ந்தது. அன்றைக்கே பதினாறு கட்டங்களை இரண்டாக்கினேன்: பெயர், தொலைபேசி எண். சிவப்புப் பொத்தானைத் தூக்கி மேலே வைத்து, யார் அமுக்கினாலும் குறையை வாயால் சொல்லிப் பதிகிற மாதிரி செய்தேன். அதோடு, திங்கள்தோறும் நானே பெரட்டுக்கு வந்து குறை கேட்பேன் என்று அறிவித்தேன். இனி ஒருவர்கூட விடுபட மாட்டார் என்று எனக்கு மறுபடி கொஞ்சம் தலைக்கனம் வந்தது. பட்டும் திருந்தாத ஜென்மம்.

சித்திக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்துப் பத்து நாள் கழித்து வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணு மங்கலா இருந்தப்போ ஒன்னயப் பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பெருமையாக நோட்டை நீட்டினேன். தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, பதினொரு பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"செல்லசாமி அண்ணன் பேரு எங்க?"

"அவரு பெரட்டுக்கு வரலயே சித்தி."

"எப்புடிடா வருவாரு? ரெண்டு வருசமா வாசல் தாண்டலயே அந்த மனுசன். சுத்தமாக் கண்ணு தெரியாதேடா அவருக்கு!"

பன்னிரண்டாவதாக அந்தப் பெயரை எழுதினேன். பிறகு அவரைப் பார்க்கக் கிளம்பினேன். செருப்புகூடத் தேவைப்படவில்லை, செல்லசாமி எங்கள் பக்கத்து வீடு.