ஆலயம் வரை நிற்காத வண்டி

விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஓட்டினேன்!

கார் ஓட்டத் தெரியாதவர் நீங்கள் என்றால் ஒரு வார்த்தை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு உண்டு. எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அது எரியும். எரிந்தால் நின்றுவிட வேண்டும். என் கணவர் சாலமன் எனக்கு முதலில் சொல்லித் தந்ததே இதைத்தான். "இது எரிஞ்சா எங்கயானாலும் செரி, ஆஃப் பண்ணணும். அதுக்குப் பிறகு ஒரு அடி ஓட்டப்பிடாது, கேட்டியா?"

கேட்டேன். நன்றாகவே கேட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வெள்ளறடையிலிருந்து பாறசாலை வரை அன்று காரோட்டிய பெண் நான் ஒருத்திதான். தமிழ் வாத்தியாரம்மா பழைய ஃபியட்டில் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கவென்றே டீக்கடையிலிருந்து எழுந்து வருவார்கள். வரட்டுமே! நான் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். அடக்கம் என்னும் அணிகலனை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேனே தவிர, அணிந்து பார்த்ததில்லை.

சாலமனின் தங்கை கிரேஸுக்குத் திருமணம் வந்தது. மணப்பெண்ணின் வண்டியை யார் ஓட்டுவது என்று பேச்சு எழுந்தது. சாலமனின் தாய்மாமன் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு குரலை உயர்த்தினார்.

"எலே சாலமா, பெண்ணுக்க வண்டிய டீச்சரம்மையா ஓட்டப்போறா? நம்ம குடும்பத்தில ஆம்பிள இல்லியா? எடவழியில நின்னுபோச்செண்ணா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் விஷம். எங்கள் பக்கத்தில் மணப்பெண் ஏறிய வண்டி ஆலயம் சேரும்வரை எங்கும் நிற்கக் கூடாது. நின்றால் வாழ்வும் பாதியில் நிற்குமாம். வேதத்தில் இல்லாத வசனம்தான். ஆனால் ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர்களே இதை முதலில் நம்புவார்கள்.

சாலமன் சிரித்தார். "அவளே ஓட்டட்டும் மாமா. அவளுக்க கை எனக்க கையவிட நல்லதாக்கும்."

அவருடைய கையும் லேசுப்பட்டதல்ல. ஊரில் ரேடியோ பாடாவிட்டால், மிக்ஸி சுற்றாவிட்டால், மோட்டார் தண்ணீர் இறைக்காவிட்டால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். ஸ்பானரைப் பிடித்துவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு வேண்டாம். திருமணத்துக்கு முந்தின சாயங்காலம் அவரே பலாமரத்தடியில் காருக்கு எண்ணெய் மாற்றினார். அடியிலிருந்த நட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்து, திரும்பவும் முகம் சிவக்க முறுக்கினார். டார்ச் பிடித்தவள் நான்.

"இனி இத அவுக்க ஒரு ஆனை வேணும்" என்றார்.

இதை மறந்துவிடாதீர்கள். நட்டு முறுக்கப்பட்டிருந்தது. நான் கண்ணால் கண்டேன்.

மறுநாள் சாலமன் முன்னதாகவே ஆலயத்துக்குப் போய்விட்டார். பின்சீட்டில் வெள்ளைச் சேலையில் கிரேஸ். எனக்கு முன்னால் மாமாவின் ஜீப். வழி முழுக்க அவர் கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டா போவேன்? ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியில் வண்டியை ஒடித்தேன். அவருக்கு முன்பாகத் தார்ச்சாலை ஏறிவிட வேண்டும்… அவ்வளவுதான் என் ஆசை!

பாறை ஒன்று அடியில் மோதியது. உட்கார்ந்த இடம் அதிர்ந்தது.

"மைனி, என்னமோ இடிச்சு!" என்றாள் கிரேஸ். அண்ணியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"ஒண்ணும் இல்லடி. கல்லு தெறிச்சதாக்கும்."

ஜீப்பை முந்திவிட்டேன். மாமாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். ஆகா, அந்த ஒரு நிமிடத்துக்கு எதையும் கொடுத்திருப்பேன்! கொடுக்கத்தான் போகிறேன் என்று அப்போது தெரியாது.

காரக்கோணம் தாண்டியதும் வளைவுகளில் விளக்கு மினுங்கியது. பாறசாலையில் அணையாமல் நின்றது. நின்றிருக்கலாம். நின்றிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும். ஆனால் பின்னால் ஜீப் வந்துகொண்டிருந்தது. கடைத்தெரு முழுக்க ஆண்கள். "அண்ணைக்கே சொன்னேம்லா" என்று மாமா இறங்கி வருவார்… கிரேஸின் வாழ்வில் எது நடந்தாலும் நான் நிறுத்திய அந்த இடத்தைக் காட்டுவார்கள்.

"மைனி, அந்தச் சிவப்பு லைட்டு என்ன?"

"பயப்படாத மக்கா. வாய மூடிட்டு ஜெபம் பண்ணு."

அவள் பண்ணினாள். எஞ்சின் 'டக் டக்' என்று இடிக்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை முட்டைமேல் கால் வைப்பதுபோல் மிதித்து, இறக்கங்களில் நியூட்ரலில் உருட்டி, நெய்யாற்றின்கரைச் சாலையில் இருக்கும் ஆலயத்தின் படியருகே மணப்பெண்ணை இறக்கினேன். எங்கும் நிற்கவில்லை! மணியோசை கேட்டது. கிரேஸ் இறங்கியதும் எஞ்சின் ஒரு உதறு உதறி அடங்கியது. பிறகு அது எழவே இல்லை.

பெருமையாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்தச் சாலையை மறுபடி கொடுத்தாலும் அப்படித்தான் ஓட்டுவேன். பாவம் என்று நான் சொல்ல வந்தது அதை அல்ல.

திருமணம் முடிந்து எல்லோரும் காரைச் சூழ்ந்தார்கள். பாலராமபுரத்துப் புது வேட்டியோடு சாலமன் வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது கையெல்லாம் கறுப்பு. முகத்தில் ரத்தமே இல்லை.

"நட்டு இல்ல" என்றார். குறுக்குவழிப் பாறைதான் அதை இளக்கியிருக்கும், வழியில் எங்கோ உதிர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அடிப்பக்கம் முழுக்கப் பழைய கீறல்கள். புதுக் கீறலை யார் தேடப் போகிறார்கள்?

மாமா தொடங்கினார். "பொம்பள ஓட்டினா இப்பிடித்தான்…"

"அவளச் சொல்லாதீங்க மாமா! நட்டு மாட்டினது நானாக்கும். செரியா முறுக்கல்ல போல. எனக்க தப்பு." பிறகு என்னைப் பார்த்தார். "லைட்டு எப்ப எரிஞ்சுது?"

"இங்க கேட்டுக்குள்ள நுழஞ்சப்பதான்" என்றேன். அதோடு விட்டேனா? எல்லோரும் கேட்க, "இனியாவது ஒர்க்‌ஷாப்பில குடுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? பொய்க்கு ஒரு தாங்குகட்டை வேண்டியிருந்தது… அவர் தோளைக் கொடுத்தார், சாய்ந்துகொண்டேன். கிரேஸ் மாலையோடு பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்தாள். வழியிலேயே விளக்கைப் பார்த்தவள் அவள். இன்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு சாலமன் ஸ்பானரைத் தொடவில்லை. ஊர் அவருக்கு 'நட்டு' என்று பட்டப்பெயர் வைத்தது. அவரும் சிரிப்பார். கருவிப்பெட்டியைப் பரணில் ஏற்றினார். வீட்டில் ஃபேன் நின்றாலும் ஆளைக் கூப்பிடுவார். ரேடியோக்களோடு வந்தவர்கள் வராமலானார்கள். மாலை நேரங்களில் அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்… நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எத்தனையோ தடவை வாய் திறந்தேன். ஆனால் "எனக்க வீட்டுக்காரி" என்று அவர் யாரிடமாவது ஆரம்பிக்கும்போது அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். அதை இழக்க எனக்குத் துணிவில்லை. எண்ணெய் இல்லாமல் ஓட்டியவளுக்கு இந்தத் துணிவு இல்லை!

போன வாரம் எங்கள் மிக்ஸி நின்றுவிட்டது. ஒயர்தான் விட்டிருக்கும், எனக்கே தெரிகிறது. அவர் அதைத் துணிப்பையில் போட்டார். "கடையில குடுப்போம். எனக்க கை ராசி இல்லாத கையாக்கும்."

"ஏறுங்க, நான் ஓட்டுதேன்" என்றேன். அது ஒன்றுதான் என் வாயில் வந்தது.

கடைக்காரரிடம் மிக்ஸியை நீட்டியபடியே அவர் ஆரம்பித்துவிட்டார். "இவ யாருண்ணு தெரியுமா வோய்? நான் நட்டு முறுக்காம விட்ட வண்டியில, எனக்க தங்கச்சிய எங்கயும் நிக்காம ஆலயத்தில கொண்டு சேத்தவளாக்கும்!"

கடைக்காரர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.