நடுவில் கட்டை உண்டா?

கருணாகரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன் இஸ்திரிச் சட்டையை மாட்டிக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொள்வார். கீழே கைலிதான். "வெளிநாட்டுக்காரன் குடுத்த வேலைங்க. வெறும் ஒடம்போட செய்யலாங்களா?" என்பார். அங்கிருந்து யாரும் உங்களைப் பார்க்கப் போவதில்லையே என்றால், "நான் அதுங்களப் பாக்குறேன் இல்லீங்களா?" என்று திரையிலிருக்கும் விண்மீன் மண்டலத்தைக் காட்டுவார்.

2009இல் வந்து ஒட்டிக்கொண்ட வேலை. தொலைநோக்கி எடுத்துத் தள்ளிய படங்களைப் பார்த்துச் சொல்ல ஆள் போதாமல், விஞ்ஞானிகள் இணையத்தில் பொதுமக்களைக் கேட்டிருந்தார்கள்: உருண்டையா, சுருளா? சுருள் என்றால் நடுவில் பட்டை உண்டா? சில மண்டலங்களில் சுருள் கைகள் நடு முடிச்சிலிருந்தே கிளம்பும். சிலவற்றில் முடிச்சின் குறுக்கே ஒளிப்பட்டை ஒன்று நேராகக் கிடக்கும். அதன் இரண்டு நுனியிலிருந்தும் கைகள் புறப்படும். அந்தப் பட்டைக்குக் கருணாகரன் வைத்த பெயர் கட்டை. சுரங்கத்தில் இருபத்தாறு வருஷமாக, ஓடுகிற கன்வேயர் பெல்ட்டில் கிழிசல் பார்ப்பவர். அசையாத படத்தில் கட்டை பார்ப்பது அவருக்கு ஒரு பிரமாதமா? நிஜ வானத்தை அவர் அண்ணாந்து பார்ப்பதேயில்லை. "மேல பாத்தா மைன்ஸ் லைட்டுதாங்க தெரியும்."

மண்டலங்கள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும் படம் வந்தால் மட்டும் மனைவியைக் கூப்பிடுவார். செல்லக்கிளிக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர்; கல்யாணத்துக்கு முன் அங்கே முந்திரிப் பருப்பைத் தரம் பிரித்தவர். "பருப்பு கொட்டிக் கெடக்குறாப்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்புவார்.

"ஒவ்வொண்ணுலயும் கோடிக்கோடி சூரியன்டி!"

"இருந்துட்டுப் போவட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி கொண்டுவந்த செல்லக்கிளி, கருணாகரன் 'இல்லை'யை அழுத்திய மறுநொடி, "ஏங்க, அதுல கட்டை இருந்துச்சே" என்றார்.

"அது வெளிச்சம் கசிஞ்சது. ஒனக்குத் தெரியாது."

"சின்னதா சாஞ்சிக்கினு இருந்துச்சுங்க."

அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. அழுத்தினால் அழுத்தினதுதான், திருத்த வழியில்லை.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்து முடித்தவற்றின் பட்டியலில் அந்தப் படத்தைத் தேடியெடுத்து, வடலூரில் கலர் பிரின்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கேன்டீனில் கூட வேலை பார்க்கும் சிங்காரவேலிடம் நீட்டினார். சிங்காரவேல் இட்லியை விட்டுவிட்டுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஸ்கேனாண்ணே? யாருக்கு, அக்காவுக்கா?"

"நடுவுல கட்டை தெரியுதா, அத சொல்லுய்யா."

"கட்டியா? ஆமாண்ணே, தெரியுது. பயப்படாதீங்க, சின்னதுதான். இப்பல்லாம் மாத்திரையிலயே கரைச்சிடுறாங்க."

ஷிப்ட் முடிவதற்குள் மூன்று பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் தன் மச்சானுக்குத் தெரிந்த டாக்டரின் நம்பரையே எழுதிக் கொடுத்தார். கருணாகரன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறென்ன செய்வது?

வீட்டுக்கு வந்து இணையத்தில் அந்த வேலையைப் பற்றிய பக்கத்தை முழுக்கப் படித்தார். ஒரே படத்தைப் பல பேரிடம் காட்டிக் கேட்கிறார்களாம். ஒருவர் தவறினால் குடி முழுகிவிடாது. அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகம் சுண்டியது. அப்படியென்றால் இவரை மட்டும் நம்பி யாரும் வேலை கொடுக்கவில்லை.

மங்கலான சுருள் ஒன்று வந்தது. கட்டை இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மவுஸின் மேல் விரல் அப்படியே நின்றது.

"செல்லி, கொஞ்சம் வந்துட்டுப் போ."

செல்லக்கிளி பாதி நறுக்கிய கத்தரிக்காயோடு அறை வாசலில் வந்து நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இங்க நின்னுக்கினு எப்டிங்க சொல்றது? பருப்புன்னாலே கிட்ட ஒக்காந்துதான் பாப்போம்."

கருணாகரன் எழுந்து போய்க் கூடத்திலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்தார். தன்னுடையதை ஓரமாகத் தள்ளிவிட்டு, மவுஸுக்கு நேராக அதைப் போட்டு, உட்காரும் பலகையை உள்ளங்கையால் துடைத்தார்.