மேக் என்று சொல்லிக்கொண்ட பெட்டி

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். நான், என் தங்கை பவித்ரா. அம்மா இருந்தார், ஆனால் உள்ளே இல்லை. மீன் வண்டிக்காரர் ஹாரன் அடித்துவிடக் கூடாது என்று வாசலில் காவல் நின்றார். அப்பா இல்லை. சுண்ணாம்புக்கல் லாரியோடு ஆலத்தியூர் பக்கம் போயிருந்தார்.

அப்பா இல்லாததே நல்லது என்று அன்றைக்கு நினைத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — நான் பெரம்பலூர்க்காரன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். இன்ஜினியரிங் முடித்து ஒன்றரை வருடமாக வேலை தேடுகிறேன். இதை எழுதுவதால் தெருவில் நாலு பேர் ‘சார்’ என்கிறார்கள். அந்த ‘சார்’ஐ வைத்து ரீசார்ஜ்கூடப் பண்ண முடியாது.

சென்னையில் ஒரு கம்பெனி. ஐபோனுக்குச் செயலி எழுதும் வேலை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘உங்களிடம் மேக் கம்ப்யூட்டர் உள்ளதா?’ கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

ஐபோன் செயலியை ஆப்பிள் கம்பெனியின் மேக்கில் வைத்துத்தான் தயார் செய்ய முடியும். மேக் விலை என்ன, எங்கள் வீட்டு வருமானம் என்ன... ஆனால் ‘இல்லை’ என்று போட்டால் அந்த நிமிடமே கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பயம். ‘ஆம்’ என்று போட்டுவிட்டேன்.

ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு சின்ன டிக். அதற்கப்புறம் எட்டு நாள் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

அன்றைக்கே மெயிலில் பரீட்சை வந்தது: ஒரு வாரத்தில் ஒரு செயலி எழுத வேண்டும். எட்டாவது நாள் வீடியோ காலில், என் மெஷினிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும்.

மேக் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஆபீஸ்களில் கழித்துக்கட்டும் கையகல மினி பிசி ஒன்றை வாங்கி, அதில் மேக் மென்பொருளை ஏற்றுவது. அது லேசில் ஏறாது. ‘நீ மேக் இல்லையே’ என்று நின்றுவிடும். அதனால் நடுவில் ஒரு சின்ன மென்பொருளை உட்கார வைப்பார்கள். அதன் வேலை, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் ‘இது மேக்தான், மேக்தான்’ என்று சத்தியம் செய்வது. சீரியல் நம்பர்கூட இட்டுக்கட்டினது. இப்படிச் செய்யக் கூடாது என்று மேக் மென்பொருளின் நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கிறது. தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நான் ஒரு பொய் சொன்னேன். அதைக் காப்பாற்ற, எனக்குப் பதிலாகப் பொய் சொல்கிற ஒரு பெட்டியைத் திருச்சியிலிருந்து வாங்கி வந்தேன்.

எந்தப் பணத்தில்? பவித்ராவின் நர்சிங் காலேஜ் இரண்டாம் வருட ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில்.

“எடுத்துக்கண்ணே. வேலை கெடச்சா மொத மாசமே திருப்பி வச்சிரு” என்றாள்.

“கெடைக்கலன்னா?”

“கெடைக்கலன்னா நாம ரெண்டு பேருமே வூட்ல இருப்போம். அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் பணத்தை இரண்டு தடவை எண்ணினேன்.

பெட்டி வந்த அன்று அப்பா வீட்டில் இருந்தார். இருபது வருடமாக லாரி ஓட்டுகிறவர். புது வண்டி வந்தால் அவர் செய்கிற முதல் காரியம் எது? பூஜை. பெட்டியைக் கையில் வாங்கி நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு மூஞ்சி எதுப்பா?”

“எல்லாப் பக்கமும் ஒண்ணுதாம்ப்பா.”

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள். “இந்தா, வண்டிக்கு முன்னாடி கிரில் இருக்குல்ல, அது மாதிரி. இதான் மூஞ்சி” என்று முடிவு பண்ணி, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மூன்று பட்டை இழுத்தார். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. சக்கரத்துக்கு வைக்கும் எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலேயே வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசுக்குத் தெம்பாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் மேக் ஏறவே இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடும். ஒரு வரியில் நின்றுவிடும். அந்த வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பரீட்சை ரிசல்ட்டில் என் நம்பரைத் தேடியபோதுகூட இவ்வளவு நேரம் ஒரே வரியைப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் திரை வெளுத்து, ‘வரவேற்கிறோம்’ என்றது. வைஃபை வேலை செய்யவில்லை. சத்தம் வரவில்லை. போகட்டும், அம்மாவின் போனிலிருந்து ஒயரைச் சொருகி நெட் எடுத்தேன். பெரம்பலூர் – அரியலூர் பஸ் நேரம் காட்டும் செயலி ஒன்றை எழுத ஆரம்பித்தேன்.

அப்புறம்தான் வந்தது அடுத்த சிக்கல். செயலியின் கோட் எழுதும்வரை பெட்டி சாதுவாக இருக்கும். ‘ஓட்டு’ என்று அமுக்கிக் கொஞ்ச நேரத்தில்... பொட்டென்று அணைந்துவிடும்.

என் மனசு எங்கே போயிருக்கும்? கண்டுபிடித்துவிட்டார்கள். போலி சீரியல் நம்பர் என்று எங்கோ உட்கார்ந்திருக்கிற யாருக்கோ தெரிந்துவிட்டது, அங்கிருந்தே அணைக்கிறார்கள். சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் படித்தவன்தான் நான். தப்புச் செய்கிறோம் என்ற பயம் ஏறிவிட்டால், படித்ததெல்லாம் எந்த மூலைக்கு?

அந்தச் சத்தியம் செய்கிற மென்பொருளின் அமைப்புக் கோப்பை அழித்து அழித்து எழுதினேன். ஒன்றை மாற்றினால் பத்து நிமிடம் ஓடும். இன்னொன்றை மாற்றினால் மூன்று நிமிடத்தில் போய்விடும். இடையில் அப்பா போன் செய்வார். எடைமேடையில் லாரி வரிசையில் நிற்கும்போது.

“ஓடுதாப்பா?”

“ஓடுதுப்பா.”

“இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எம் மவன் ஆப்பிள் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறான்னு.”

இப்போது தெரிகிறதா, செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் இல்லாததற்கு ஏன் ஆறுதல்பட்டேன் என்று?

பதினொன்று. பவித்ரா தன் போனைப் பிடித்துக்கொண்டு மானிட்டரைக் காட்டினாள். அந்தப் பக்கம் ஒரு மேடம். அந்தக் கம்பெனியில் டீம் லீட். நிதானமான குரல்.

“ஆரம்பிங்க.”

ஆரம்பித்தேன். செயலி திறந்தது. பஸ் பட்டியல் வந்தது. மேடம் “நல்லா இருக்கு” என்றார். “ஒரு சின்ன மாற்றம் சொல்றேன், லைவ்வா பண்ணிக் காட்டுங்க” என்றார். மாற்றினேன். ‘ஓட்டு’வை அமுக்கினேன்.

பொட்டென்று அணைந்தது.

திரையில் ‘சிக்னல் இல்லை’. என் வாயிலும்தான்.

“கரண்ட் போயிடுச்சா?”

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். “இல்லைங்க மேடம்...”

“சரி, மெஷினைக் காட்டுங்க, பார்ப்போம்.”

பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் அவள் கை திரும்பிவிட்டது. போன் கேமரா முழுக்க அந்தக் கறுப்புப் பெட்டி. மேலே வாடின எலுமிச்சம்பழம்.

மேடம் கிட்டே கொண்டுவரச் சொன்னார்.

“அந்த ஓட்டையெல்லாம் மஞ்சளா அடைச்சிருக்கே... என்னங்க அது?”

“சந்தனம் மேடம்” என்றாள் பவித்ரா. “அப்பா பூஜை போட்டாரு.”

“அது காத்து போற வழிங்க. அதை அடைச்சா சூடாகி அணையத்தான் செய்யும்.”

இத்தனை நாள்! தினமும் என் கண்ணுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி அந்தச் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. நான் யாரோ எங்கிருந்தோ அணைக்கிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

“இன்னொன்னு கேக்குறேன்” என்றார் மேடம். “இது மேக் இல்லையே?”

இதற்குத்தான் எட்டு நாளாகப் பயந்தேன். கேள்வி வந்துவிட்டது. ஒரு பொய் தயாராகவும் இருந்தது: ‘மேக் ரிப்பேருக்குப் போயிருக்கு மேடம்.’ நாக்கு நுனிவரை வந்தது.

“இல்லைங்க மேடம். மேக் கிடையாது. டிக் பண்ணது பொய். இல்லன்னு போட்டா கூப்பிட மாட்டீங்கன்னு பயந்துட்டேன்.”

“மேக் இல்லாம எப்படிப் பண்றதுன்னு கேட்டிருக்கலாமே?”

கேட்டால் தெரியாதவன் என்று தெரிந்துவிடும்... அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். “மன்னிச்சிருங்க மேடம்” என்று மட்டும் சொன்னேன்.

“இந்த மெஷின்ல பண்ணதை நாங்க எடுத்துக்க முடியாது. நாளைக்குச் சாயந்தரம் நாலு மணி வரைக்கும் டைம் தரேன். எங்கேயாவது நிஜமான மேக்ல ஓட்டிக் காட்டுங்க. கோட் நல்லாத்தான் இருக்கு.”

போன் அணைந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரே நாளில் நிஜ மேக்குக்கு எங்கே போவது?

பவித்ரா பூஜை அறையிலிருந்து விளக்கு தேய்க்கும் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து வந்து சந்தனத்தைத் தேய்த்துக்கொண்டே, “அத்தை பொண்ணு கல்யாண ஆல்பம் போட்டோம்ல, அரியலூர் ஸ்டுடியோ. அங்க ஆப்பிள் போட்ட கம்ப்யூட்டர் பாத்தேண்ணே” என்றாள்.

“இத ஏண்டி முன்னாடியே சொல்லல?”

“நீ எங்க கேட்ட? நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். ஸ்டுடியோக்காரர் ஜமால் அண்ணன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒக்காருப்பா மொதல்ல. நிக்காஹ் ஆல்பம் ஒண்ணு ஓடுது, அது நிக்கட்டும். இன்ஷா அல்லாஹ் நாலு மணிக்குள்ள முடிச்சிருவோம்.”

செயலி எழுதும் மென்பொருள் அந்த மேக்கில் இறங்கவே மதியமாகிவிட்டது. மூன்றே முக்காலுக்கு மேடம் வீடியோ காலில் வந்தார். ‘ஓட்டு’வை அமுக்கினேன். அணையவில்லை. அன்றைக்கு அணையாத அந்தத் திரையைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

வாடகை எவ்வளவு என்று கேட்டேன். “ஒங்க அத்தை பொண்ணு ஆல்பத்துலயே சம்பாரிச்சிட்டேன்பா. டீ சொல்லு” என்றார் ஜமால் அண்ணன்.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. மூன்று மாதம் பார்ப்பார்களாம், அப்புறம்தான் நிரந்தரம். மேக்கைக் கம்பெனியே கொடுக்குமாம். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சந்தனத்தைத் தவிர. பவித்ராவின் ஃபீஸுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பயம் போய்விட்டதா? இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. என்னை மாதிரி முதல் ஆளாகப் படித்து வருகிறவர்களுக்கு மெஷின் ஒரு பொருட்டே இல்லை. ‘எனக்குத் தெரியாது, என்னிடம் இல்லை’ என்று ஒரு மனுஷனிடம் போய்ச் சொல்வதற்குத்தான் கை கால் உதறுகிறது.

அப்படிச் சொல்லாமல் இருந்ததற்கு, பெட்டியும் திருச்சி பஸ்ஸும் சேர்த்து, எங்களுக்கு ஆன செலவு பதினைந்தாயிரத்து நூற்று அறுபது ரூபாய். சொன்னதற்கு, பஸ்ஸும் மூன்று டீயும் சேர்த்து, நூற்று நாற்பத்தெட்டு.